இரவு பதினோரு மணிக்கு நின்ற ஏசி: ஆலப்புழை ஹவுஸ்போட் ஒன்றில் இன்வர்ட்டர் வேலை, நிகழ்வு ஆய்வு

ஆலப்புழைக் காயலில் ஹவுஸ்போட்டுகள் மாலை ஐந்தரைக்கு மேல் ஓடுவதில்லை. அதற்கப்புறம் மீனவர்கள் வலை போடும் நேரம். தென்னந்தோப்பு ஓரமாக எங்காவது கட்டிப்போட்டுவிட்டால், காலை எட்டு மணிவரை படகு அங்கேயே கிடக்கும். சாதாரணப் பேக்கேஜில் படுக்கையறை ஏசி இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை. அந்த ஒன்பது மணி நேரமும் படகின் பின்பக்கத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கும். காயலின் அமைதிக்காகக் காசு கொடுத்து வந்தவர், காதுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு தூங்க வேண்டும்.

அதை நிறுத்திவிட்டு இரவு முழுக்க ஏசியை பேட்டரியில் ஓட்ட முடியுமா என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் எத்தனை கேவிஏ இன்வர்ட்டர், எத்தனை பேட்டரி என்று தொடங்குகிறார்கள். இங்கே சொல்லப்போகும் படகில் அப்படித் தொடங்கி, ஒரு சீசன் முழுக்க விருந்தினரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் வேலை என்னிடம் வந்தது.

படகும் புகாரும்

இரண்டு படுக்கையறைப் படகு, நீளம் சுமார் 60 அடி. ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் கட்டிச் செய்த பழைய கெட்டுவள்ளத்தின் உடல், மேலே மூங்கில் பாய்க் கூரை. அறை ஒவ்வொன்றும் பத்துக்குப் பதினொன்று, உயரம் ஏழரை அடி. உள்ளே பிளைவுட், வெளியே மூங்கில் பாய், நடுவில் வெற்றிடம். அறைக்கு ஒரு 1 டன் ஸ்பிளிட் ஏசி, இரண்டுமே பழைய ஒரே வேக ரகம். 10 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் சமையலறைக்குப் பின்னால்.

ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றி விருந்தினர்கள் எழுதுவதைப் படித்து நொந்துபோன உரிமையாளர், 5 கேவிஏ, 48 வோல்ட் வீட்டு இன்வர்ட்டர் ஒன்றும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி நான்கும் வாங்கிப் போட்டார். கடையில் போட்டுக் கொடுத்த கணக்கு இது: 48 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 7200 வாட்-மணி. ஒரு ஏசி 1000 வாட், இரண்டும் சேர்ந்து 2000. கம்ப்ரசர் பாதி நேரம்தான் ஓடும், ஆகவே சராசரி 1000. ஏழு மணி நேரம் தாராளமாக வரும்.

வந்தது இரண்டு மணி நேரம். பேட்டரி புதிதாக இருந்தபோது பதினொன்று தாண்டியதும் நின்றது; சில மாதத்தில் பத்தைத் தாண்டுவதே பாடானது. சில இரவுகளில் ஏசியைப் போட்ட சில நிமிடத்துக்குள்ளேயே இன்வர்ட்டர் ஓவர்லோடு காட்டி விழும். அரைத் தூக்கத்தில் எழுந்து வந்து ஜெனரேட்டரைப் போடுவது சிராங்கின், அதாவது படகோட்டியின், தலையில் விழுந்த வேலை.

"சாரே, இன்வர்ட்டர் 5 கேவிஏ. ரெண்டு ஏசியும் சேர்ந்தே 2 கிலோவாட்தான். பின்ன எதுக்கு விழுது?" என்றார் உரிமையாளர்.

"சேட்டா, முதல்ல ஒரு ராத்திரி அளந்து பார்ப்போம். எதையும் வாங்க வேண்டாம்" என்றேன். ஏற்கெனவே கை சுட்டவர், உடனே ஒத்துக்கொண்டார்.

அளந்ததில் தெரிந்தவை

விருந்தினர் இருந்த ஓர் இரவில், கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு சமையலறைப் பக்கம் உட்கார்ந்தோம். ஏசி ஒவ்வொன்றும் 4.7 ஆம்பியர், அதாவது ஆயிரம் வாட்டுக்குச் சற்று மேல். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, கம்ப்ரசர் நிற்கவே இல்லை. ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை இரண்டு கம்ப்ரசரும் ஏறக்குறைய இடைவிடாமல் ஓடின. விருந்தினர் ரிமோட்டில் 16 வைத்திருந்தார். அந்த அறை 16-க்கு இறங்கவே இறங்காது, ஆகவே தெர்மோஸ்டாட்டுக்கு வேலையே இல்லை. கடைக்காரரின் "பாதி நேரம்" அங்கேயே செத்துவிட்டது.

பேட்டரிப் பக்கம் 46, 47 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. பேட்டரிமேல் எழுதியிருக்கும் 150 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, ஏழரை ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் அளவு. அதே பேட்டரியிலிருந்து ஆறு மடங்கு வேகத்தில் உறிஞ்சினால் நூறுகூடத் தேறாது. நூறை 46-ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். கடிகாரமும் அதையேதான் காட்டியது. தினமும் இப்படி அடிமட்டம்வரை இறக்கியதில் பேட்டரி சீக்கிரம் தேய்ந்துபோனதிலும் வியப்பில்லை.

தொடக்கத்திலேயே விழுவதற்குக் காரணம் வேறு. ஒரே வேகக் கம்ப்ரசர் கிளம்பும்போது அரை நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 25 முதல் 30 ஆம்பியர் கேட்கும். ஒன்று கிளம்பினால் இந்த இன்வர்ட்டர் தாங்கியது. இரண்டும் ஒரே நொடியில் கிளம்பினால் 12 கேவிஏவுக்கு மேல் போகும், தாங்காது. ஒரே நொடியில் எப்படிக் கிளம்பும்? கரண்ட் போய் வந்தால் கம்ப்ரசரைக் காப்பாற்ற மூன்று நிமிடம் காத்திருக்கும் டைமர் இந்த ஏசிகளுக்குள் இருக்கிறது. ஜெனரேட்டரை நிறுத்தி இன்வர்ட்டருக்கு மாற்றியதும் இரண்டு டைமரும் ஒன்றாக எண்ணத் தொடங்கி, மூன்று நிமிடம் கழித்து ஒன்றாகவே முடிக்கும். இன்வர்ட்டர் விழுந்து தானாக மறுபடி எழுந்தால், திரும்பவும் அதே மூன்று நிமிடம், அதே மோதல். "சரியா மூணு நிமிஷத்துல விழும் சாரே" என்று சிராங்கு முன்பே சொல்லியிருந்தார். அவர் கைக்கடிகாரம் பார்த்துச் சொன்னதை அதுவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கூடவே கேபிள். பேட்டரிக்கும் இன்வர்ட்டருக்கும் நடுவே 16 சதுர மில்லிமீட்டர் கேபிள், போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர். மீட்டரை மிகக்குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் நிலையில் வைத்துப் பார்த்தபோது, கம்ப்ரசர்கள் கிளம்பும் கணத்தில் இன்வர்ட்டர் முனையில் 43 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. அதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே போனது, மீதி பேட்டரிக்குள். சாதாரணமாக மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. அவ்வளவு சீக்கிரம் இறங்கி ஏறிவிடும்.

பக்கெட் சோதனை

இந்த வேலையில் அதிகம் சொல்லிக்கொடுத்த கருவி ஒரு பிளாஸ்டிக் பக்கெட். ஏசியின் வடிநீர்க் குழாய் படகுக்கு வெளியே காயலில் விடப்பட்டிருந்தது. அதை எடுத்து ஒரு பக்கெட்டுக்குள் விட்டு, மணிக்கு எவ்வளவு தண்ணீர் சேருகிறது என்று பார்த்தோம். ஓர் அறைக்கு மணிக்கு ஒன்றே கால் லிட்டர் வந்தது.

ஒரு லிட்டர் ஈரப்பதத்தைக் காற்றிலிருந்து தண்ணீராக்க ஏசி கிட்டத்தட்ட 2.5 மெகாஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் என்றால் அது ஏறக்குறைய 700 வாட் குளிரூட்டும் வேலை. ஒன்றே கால் லிட்டருக்கு 850 வாட்டுக்கு மேல். இவ்வளவும் அறையை ஒரு டிகிரிகூடக் குளிரவைக்காமல் செலவாகிறது. தூங்கும் இரண்டு பேர் மூச்சிலும் தோலிலும் விடுவது மணிக்கு நூறு மில்லிக்குள்தான். அப்படியானால் மீதி நீர் எங்கிருந்து வருகிறது?

கதவுக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. சறுக்கும் கண்ணாடி ஜன்னலின் சட்டத்தில் தூரிகைப் பட்டை தேய்ந்து போயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், பிளைவுட் மூட்டுகள் வழியாக மூங்கில் பாய்க்குப் பின்னாலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் புகை அறைக்குள் வளைந்தது.

காயலில் ஏப்ரல் இரவின் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ காற்றில் 20 கிராம் நீராவி இருக்கும். அறைக்குள் 25 டிகிரி, 55 சதவீதம் வேண்டுமென்றால் 11 கிராம் போதும். வெளிக்காற்றை மூன்று டிகிரி குளிரவைக்க ஒரு கிலோவுக்கு 3 கிலோஜூல்; அதன் ஈரத்தை இறக்க 24 கிலோஜூல். அதாவது உள்ளே நுழையும் காற்றின் சுமையில் ஒன்பதில் ஒரு பங்குதான் வெப்பநிலை சார்ந்தது, மற்றதெல்லாம் ஈரம். இந்த அறைக்குள் மணிக்கு நான்கு முறை காற்று மாறினால், அதற்கு மட்டும் 800 வாட் குளிரூட்டல் போய்விடும். பக்கெட்டில் வந்த தண்ணீரும் அதையே சொன்னது.

தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துப் பேட்டரி கணக்குப் போடுகிறவர்கள் தவறுவது இங்கேதான். "வெளியே 28, உள்ளே 25, மூன்று டிகிரிதானே வித்தியாசம்" என்று தோன்றும். உண்மையில் அந்தப் பேட்டரி விடிய விடியக் காயல் காற்றைப் பிழிந்துகொண்டிருந்தது.

இன்னொன்று. அழகுக்காக வெளி யூனிட்டுகளை மூங்கில் பாய்ப் பெட்டிக்குள் மறைத்திருந்தார்கள். பெட்டிக்குள் வெளியேறும் சூடான காற்றை யூனிட் திரும்ப இழுத்தது. காயலில் காற்று 29 டிகிரி இருக்க, யூனிட்டின் உள்ளிழுக்கும் பக்கம் 41 காட்டியது. ஹவுஸ்போட்டுகளில் இதை நிறையப் பார்க்கலாம். பெட்டியின் முன்பக்கத்தை முழுக்கத் திறந்துவிட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

எரியாத பல்பு

மின்சாரக் கணக்கைவிட என்னை அதிகம் உறுத்தியது பாதுகாப்பு. படகில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தது. உரிமையாளர் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திக் காட்டினார், விழுந்தது. எல்லாம் சரி என்றார்.

டெஸ்ட் பொத்தான் சாதனத்துக்குள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் இருக்கிறதா, கசியும் மின்சாரம் திரும்பிவர வழி இருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குத் தெரியாது. ஒரு 25 வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தோம். ஜெனரேட்டரில் ஓடும்போது ஆர்சிசிபி உடனே விழுந்தது. இன்வர்ட்டருக்கு மாற்றியதும் பல்பு எரியவும் இல்லை, ஆர்சிசிபி விழவும் இல்லை. வீட்டு இன்வர்ட்டரின் வெளியீடு எர்த்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. வீட்டில் மின்வாரியத்தின் நியூட்ரல் எர்த்தோடு இணைந்து வருகிறது, இன்வர்ட்டர் அதைக் கடத்திவிடும். நடுக்காயலில் மின்வாரியம் இல்லை.

மிதக்கும் வெளியீட்டில் முதல் பழுது யாரையும் அடிக்காது என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் அந்த முதல் பழுதை யாருக்கும் தெரிவிக்கவும் ஏதும் இல்லை. ஈரமான படகில் அது மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டாவது பழுது வேறொரு கம்பியில் வரும் அன்றைக்கு, உலோகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் நனைப்பவர்தான் மாட்டிக்கொள்வார். படகுக்கான இன்வர்ட்டர்-சார்ஜர்களில் இதற்கென்றே உள்ளே ஒரு ரிலே இருக்கும். இன்வர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும், கரை மின்சாரமோ ஜெனரேட்டரோ வந்ததும் பிரித்துவிடும். நிரந்தரமாக ஒரு கம்பி போட்டு இணைத்துவிடலாமே என்று கேட்காதீர்கள். கரை மின்சாரம் செருகியதும் நியூட்ரல் மின்சாரம் எர்த் வழியாகவும் ஓடத் தொடங்கும், கரையிலுள்ள ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும்.

பேட்டரிகள் இருந்த இடமும் சரியில்லை. பணியாளர் படுக்கைக்கு அடியில், கேஸ் சிலிண்டருக்கு ஒரு கை தூரத்தில். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். அந்தக் கூட்டணியை அன்றைக்கே பிரித்து வைத்தோம்.

ஜெனரேட்டர் புகையையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் பாவெல் ஏரியில் 2000-ஆம் ஆண்டில் ஹவுஸ்போட்டின் பின்தளத்துக்கு அடியில் தேங்கிய ஜெனரேட்டர் புகையால் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அதையடுத்துத்தான் அந்நாட்டுப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் அங்குள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடை அளக்கத் தொடங்கியது. அவை பெட்ரோல் ஜெனரேட்டர்கள். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு குறைவு. இருந்தாலும் காற்றில்லாத இரவில் கட்டிக்கிடக்கும் படகின் பின்னால் ஒன்பது மணி நேரம் புகை வந்தால், அறையின் விரிசல்கள் அதையும் உள்ளே இழுக்கும்.

செய்தது என்ன

தச்சரிடமிருந்து தொடங்கினோம். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டங்களுக்குப் புதுத் தூரிகைப் பட்டை, பிளைவுட் மூட்டுகளுக்கு சீலண்ட், பொய்க்கூரைக்கு மேல் அலுமினியத்தாள் ஒட்டிய நுரை விரிப்பு. முழுக்க அடைக்கவில்லை. இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கும் அறைக்கு மணிக்கு ஒரு முறையாவது காற்று மாற வேண்டும், இல்லாவிட்டால் காலையில் தலைவலியோடு எழுவார்கள். குளியலறையின் சின்ன ஜன்னலை அதற்காக அப்படியே விட்டோம். பழைய ஏசி, பழைய பேட்டரி எதையும் மாற்றாமல் மறுபடி பக்கெட் வைத்ததில் மணிக்கு அரை லிட்டருக்கும் கீழே வந்தது. மொத்தத் திட்டத்தில் மிக மலிவான செலவு இதுதான்.

அப்புறம் ஏசி. பழையதைக் கழற்றிவிட்டு வேகம் மாறும் கம்ப்ரசர் கொண்ட 1 டன் ஐந்து நட்சத்திர ஏசிகள். கடையில் இவற்றை இன்வர்ட்டர் ஏசி என்பார்கள். பேட்டரி இன்வர்ட்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இவை மெதுவாகக் கிளம்பி மெதுவாக ஏறுவதால் தொடக்க மின்சாரத்தின் தலைவலி அடியோடு போனது. அறை குளிர்ந்ததும் 250, 300 வாட்டுக்கு இறங்கி அங்கேயே ஓடும். 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டு ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இறங்காதபடி ரிமோட்டைப் பூட்டிவிட்டு சுவரில் மின்விசிறியும் வைத்தோம். 16 கேட்டுச் சண்டை போட்டவர்கள் அதிகமில்லை. ஈரம் இறங்கிய அறையில் 24-ம் விசிறியும் போர்வை தேடவைக்கும்.

தண்ணீரால் குளிரும் கப்பல் ரக ஏசி ஏன் போடவில்லை என்று கேட்கலாம். கடலில் ஓடும் யாட்டுகளுக்கு அது நல்ல ஏற்பாடு. குட்டநாட்டு வாய்க்கால்களில் ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கப் பாயலும் மிதக்கின்றன. தண்ணீர் இழுக்கும் குழாயின் வடிகட்டி நள்ளிரவில் அடைத்துக்கொண்டால் ஏசி நிற்கும். ஸ்பிளிட் ஏசியை ஊரிலுள்ள மெக்கானிக்கே பார்த்துவிடுவார். இந்தக் காயலுக்கு அதுதான் சரி.

இவ்வளவுக்கும் பிறகுதான் பேட்டரிக் கணக்கு. தற்காலிகமாக ஜெனரேட்டரில் ஓட்டி இரவு முழுக்க அளந்ததில், இரண்டு ஏசியும் முதல் ஒரு மணி நேரம் சேர்ந்து 1.3 கிலோவாட், அதன்பின் இறங்கி, ஒன்பது மணி நேரச் சராசரி 0.8 கிலோவாட்டுக்கு உள்ளே. முன்பு இதே இடத்தில் 1.9. ஆகவே ஏசிகளுக்கு ஏழு யூனிட். இன்வர்ட்டரில் இழப்பது, ஃபிரிட்ஜ், விசிறி, விளக்கு எல்லாம் சேர்த்துப் பேட்டரியிலிருந்து ஓர் இரவுக்கு ஒன்பதரை யூனிட். 280 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16 கோத்த 51.2 வோல்ட் பேட்டரி போட்டோம். கொள்ளளவு 14.3 யூனிட், அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தினமும் போகிறது. செல்களின் எடை 90 கிலோவுக்குள். இதே வேலைக்கு டியூபுலர் பேட்டரி போட்டிருந்தால் அரை டன்னுக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், படகு பின்பக்கம் சாயும்.

பேட்டரியைப் படகின் நடுக்கோட்டில், சமையலறைச் சூடு எட்டாத இடத்தில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்தோம். 50 சதுர மில்லிமீட்டர் கேபிள், பேட்டரி முனையை ஒட்டியே 200 ஆம்பியர் கிளாஸ்-டி (Class T) ஃப்யூஸ். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும், கார் கடையில் விற்கும் சாதாரண ஃப்யூஸ் அதை அறுக்காமல் தீப்பொறியாகவே தொடரும்.

படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு, வழிகாட்டு விளக்கு, நடைபாதை விளக்கு மூன்றையும் தனி 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்றினோம். லித்தியத்தின் காவல் மின்சுற்று ஏதாவது பிடிக்காவிட்டால் முன்னறிவிப்பில்லாமல் மொத்தத்தையும் துண்டித்துவிடும். ஏசி நின்றால் விருந்தினர் கோபப்படுவார். பில்ஜ் பம்பு நின்றால் படகில் தண்ணீர் ஏறும்.

சார்ஜ் எங்கிருந்து

"கொச்சி வாட்டர் மெட்ரோ படகெல்லாம் பேட்டரியிலேயே ஓடி ஏசியும் போடுதே" என்றார் உரிமையாளர். 2023-இல் தொடங்கிய அந்தப் படகுகள் ஜெட்டியில் வேக சார்ஜரில் செருகிக்கொள்கின்றன. வைக்கம்–தவணக்கடவு இடையே 2017-லிருந்து ஓடும் ஆதித்யா சூரியப் படகுக்கு அகலமான தட்டைக் கூரை உண்டு. நம் படகு இரவில் தோப்போரத்தில் கிடக்கிறது, கூரையோ வளைந்த மூங்கில்.

ஆகவே மூன்றையும் கலந்தோம். பின்பக்கச் சமையலறையின் தட்டைக் கூரையில் 540 வாட் பேனல் இரண்டு. நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும், மழைக்காலத்தில் பாதி. முன்பக்கக் கூரையில் பேனல் வைக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அந்தக் கூரைதான் படகின் முகம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஜெட்டியில் படகு நிற்கும் நாட்களில் கரை மின்சாரம்.

மீதிக்கு அதே பழைய ஜெனரேட்டர். மதியம் படகு எஞ்சினில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இயக்குகிறார்கள், எஞ்சின் சத்தத்தில் அது தனியாகக் கேட்பதில்லை. சார்ஜரும் சமையலறையும் சேர்ந்து 5 கிலோவாட் சுமை கொடுப்பதால் அதன் திறனில் அறுபது சதவீதத்துக்கு மேல் வேலை செய்கிறது. இரவு முழுக்கக் கால்வாசிச் சுமையில் ஓடியபோது முழுதாக எரியாத டீசல் புகைக்குழாயில் கருப்பு எண்ணெயாக வழிந்துகொண்டிருந்தது. இப்போது அது இல்லை. எட்டரைக்கே, விருந்தினர் சாப்பிடும்போது ஏசியைப் போட்டுவிடுகிறார்கள்.

கணக்கு வழக்கு

முன்பு ஓர் இரவுக்கு 12, 13 லிட்டர் டீசல். இப்போது பேனல் கைகொடுக்கும் நாளில் மூன்றரை, இல்லாத நாளில் ஐந்து. எட்டு, ஒன்பது லிட்டர் மிச்சம், டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் இரவுக்கு எண்ணூறு ரூபாய்ச் சொச்சம். வருடத்தில் 150 இரவு படகு போனால் ஒன்றே கால் லட்சத்தை ஒட்டி வரும். ஏசி, பேட்டரி, இன்வர்ட்டர்-சார்ஜர், பேனல், தச்சு வேலை எல்லாம் சேர்ந்து செலவு ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. டீசலை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்ட பணம் திரும்ப ஐந்து வருடம் ஆகும். அவசரப்பட்டுச் செய்யும் அளவுக்கு அது லாபமில்லை என்பதுதான் என் கருத்து. சத்தமில்லாத படகு என்று சொல்லிக் கொஞ்சம் கூட்டி வாடகை கேட்க முடிகிறவருக்கு மட்டும் இது சீக்கிரம் பலிக்கும். இவர் கேட்கிறார், கிடைக்கிறது.

வரவேற்புக் கூடத்துக்கும் கண்ணாடி போட்டு 24 மணி நேர ஏசி கேட்டார். மறுத்துவிட்டேன். மூன்று பக்கம் கண்ணாடி, பகல் வெயில், 2 டன் ஏசி. அந்தக் கூடம் ஒன்றே இந்தப் பேட்டரியைச் சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடும். அதற்குப் பகலில் ஜெனரேட்டரை நேரடியாக ஓட்டுவதே ஒழுங்கு.

இன்னும் தீராத ஒன்று ஜூன், ஜூலை. மழையில் படகு வாரக்கணக்கில் கரையில் கிடக்கும். இன்வர்ட்டர் எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா இருந்தாலே 60 வாட் தின்கிறது. லித்தியத்தை நீண்ட நாள் நிறுத்தும்போது பாதி சார்ஜில் வைப்பது வழக்கம். பாதி என்றால் ஏழு யூனிட். யாராவது இன்வர்ட்டரை அணைக்க மறந்தால், பேனலை மழை மேகம் மூடியிருக்கும் வாரத்தில், ஐந்தாறு நாளில் பேட்டரி அடிமட்டத்துக்குப் போய்க் காவல் சுற்று துண்டித்துவிடும். அந்த நிலையில் ஒரு மாதம் கிடந்தால் செல்கள் கெடும். இப்போதைக்கு, பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை அணைத்தால்தான் வெளியே எடுக்க முடிகிற சாவி ஒன்றைப் போட்டு, அதைப் படகின் கதவுச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்திருக்கிறோம். கதவைப் பூட்ட வேண்டுமென்றால் சிராங்கு முதலில் ஐசொலேட்டரைத் திருப்பியாக வேண்டும்.